கோத்தகிரியிலிருந்து புலம்பும் டெவலப்பர்கள் கவனத்துக்கு

கொரோனா காலத்தில் லேப்டாப்போடு நீலகிரிக்குத் திரும்பியவர்களில் சிலர் இன்னும் மலையிறங்கவில்லை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று சிக்னல் கிடைக்கிற மூலையில் மேசையைப் போட்டுக்கொண்டு பெங்களூரு, கோவை கம்பெனிகளுக்குக் கோடு (மென்பொருள் நிரல்) எழுதுகிறார்கள். பக்கத்து சீட்டில் ஆள் இல்லாததால், டீக்கடையில் கொட்ட வேண்டிய புலம்பலெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கொட்டுகிறது. "காலைல கேட்டது ஒண்ணு, சாயங்காலம் கேக்குறது ஒண்ணு." "டெஸ்ட்ல ஓடுச்சு, ப்ரொடக்ஷன்ல படுத்துருச்சுங்க." தாராளமாகப் புலம்பட்டும். வாயைத் திறக்காதவர்தான் திடீரென்று ஒருநாள் பேப்பர் போட்டுவிட்டுப் போகிறார். ஆனால் புலம்பலோடு சேர்த்து எதை அனுப்புகிறோம், யார் தலையில் கட்டுகிறோம் என்பதில்தான் வம்பு கிளம்புகிறது.

"கொடுமைய பாருங்க" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்

எல்லாரும் சிரிப்பது நடுவில் இருக்கும் பிழைச் செய்தியைப் பார்த்து. மேலே முகவரிப் பட்டையில் கிளையன்ட் பெயர் இருக்கும். பிரவுசரின் பக்கத்து டேபில் யாரோ ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் இருக்கும். கீழே கட்டளை அடிக்கும் டெர்மினலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பல்லிளிக்கும். குழுவில் பாதிப் பேர் வேறு கம்பெனிக்காரர்கள் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

மறைத்துத்தான் அனுப்பினேன் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபோனில் இருக்கும் ஹைலைட்டரைக் கறுப்பாக்கித் தீட்டினால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடலாம். வெட்டி அனுப்பியதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கூகுளின் பிக்ஸல் ஃபோன்களில் படத்தைத் திருத்த இருந்த மார்க்கப் கருவி, படத்தை வெட்டிய பிறகும் பழைய படத்தின் மிச்சத்தைக் கோப்பின் வாலிலேயே விட்டுவைத்தது 2023 மார்ச்சில் வெளியே வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே மாதிரிக் கோளாறு. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், அதற்கு முன்பு அப்படியே பகிரப்பட்ட கோப்புகளை யாரும் திரும்ப வாங்க முடியாது. பிழைச் செய்தியை மட்டும் எழுத்தாக ஒட்டினால் போதும். உதவி செய்ய வருகிறவருக்கும் அதை அப்படியே தேடிப் பார்க்க வசதி.

பாஸ்வேர்டு மாதிரி சர்வருக்குள் நுழைய விடும் ரகசியச் சாவி வெளியே போய்விட்டால் பலரும் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். முதலில் செய்தியை அழிக்கிறார்கள், பிறகு கோடில் செய்த மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாற்றைச் சுத்தம் செய்ய உட்காருகிறார்கள், சாவி மட்டும் உயிரோடு இருக்கிறது. பொதுவில் கிடக்கும் சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் சாவியைச் செல்லாததாக்குங்கள். குப்பை பெருக்குவது அப்புறம்.

கம்பெனியின் சாட்டில் தனிச்செய்தியாக மேனேஜரைத் திட்டுவதும் இதே ரகம்தான். தனி என்று பெயர்தானே தவிர, நிர்வாகம் நினைத்தால் எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது.

யார் எழுதிய கோடுடா இது?

கிட்டில் 'பிளேம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் பெயரை அது காட்டும். தொட்டவர் என்பதைக் கவனியுங்கள். முழுக் கோப்பையும் யாரோ ஃபார்மேட் செய்து, அதாவது இடைவெளிகளை ஒழுங்குபடுத்தி, கமிட் போட்டிருந்தால் (கிட்டில் பதிந்திருந்தால்), ஐந்து வருடத்துப் பாவமும் அந்தப் புண்ணியவான் பெயரில்தான் நிற்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் மானத்தை வாங்குவதற்கு முன், வெற்றிட மாற்றங்களை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் '-டபிள்யூ' தேர்வைப் போட்டுப் பாருங்கள். 2019-இல் வந்த கிட் 2.23 முதல், இன்னின்ன கமிட்களைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு பட்டியலே கொடுக்கலாம். தேடிப் பார்த்தால் குற்றவாளி நாமாகவே இருக்கும் வாய்ப்பும் உண்டு, அது தனிக் கதை.

ஆளைப் பிடிப்பதில் இவ்வளவு வேகம் காட்டுகிறவர்கள் 2017 ஜனவரி 31 அன்று, கோடு சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. நேரம் போன பிறகும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். உடனே நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபி போய் நாலரை ஜிபிதான் மிச்சம். பேக்கப் வழிகள் ஒன்றுக்கு ஐந்தாக இருந்தும், கைகொடுக்க வேண்டிய நேரத்தில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நிறுவனம் மீட்பு வேலையை நேரலையில் காட்டியது, நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்டது. அந்தப் பொறியாளர் பெயரைச் சொல்லி ஊர் முன் நிறுத்தவில்லை. நம் குழுக்களில் அடுத்த முறை ஏதாவது விழுந்தால், "யாருடா அது?" என்று கேட்பதைவிட, "பேக்கப் வேலை செய்யுதான்னு கடைசியா எப்பப் பாத்தோம்?" என்று கேட்டால் பதிலாவது உருப்படியாக வரும்.

ஜூனியர்களின் கேள்வியை மீம் ஆக்குவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. லினக்ஸை உருவாக்கியவரும் காரசாரமான மின்னஞ்சல்களுக்குப் பேர்போனவருமான லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். நமக்கு அவருடைய திறமையும் கிடையாது. பல மொழிக்காரர்கள் இருக்கும் சேனலில் தமிழில் கலாய்ப்பதும் வேண்டாம். புரியாதவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

அப்புறம், வெறும் "ஹாய்" அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கேள்வியையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கரண்ட் போச்சு, கரடி வந்துச்சு

மலையில் இருப்பவர்கள் தனியாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலையில் பனிமூட்டத்துக்கு நடுவே டீ கிளாஸை நீட்டி ஒரு படம். "சொர்க்கம் ப்ரோ" என்று ஒரு வரி. மதியம், "நெட் இல்ல." கீழே இருக்கும் மேனேஜர் எதை நம்புவார்? ஊட்டி என்றால் அவருக்குத் தேனிலவும் வர்க்கியும்தான். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதோ, 2009 நவம்பரில் மண்சரிவுகள் இந்த மாவட்டத்தை என்ன செய்தன என்பதோ அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கோத்தகிரியில் கரடி வாசலுக்கு வருவது செய்தியே இல்லை. டீமில் அதைச் சொன்னால் நான்கு ஸ்டிக்கர் வரும், தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்துக்கு வராததற்குக் கணக்கில் வராது. நிஜமான தடங்கலையே நகைச்சுவையாக்கிப் பழக்கிவிட்டால், நிஜமாகவே மாட்டிக்கொள்ளும்போதும் ஸ்டிக்கர்தான் வரும்.

தகவலாகச் சொல்லுங்கள். "மரம் விழுந்து லைன் கட். மொபைல் டேட்டால இருக்கேன், கால் வர முடியாது, சாட் பாப்பேன். பேமென்ட் டிக்கெட் பிராஞ்ச் புஷ் பண்ணியாச்சு, ரிவ்யூ பாக்கி. ஆறு மணிக்கு மறுபடி சொல்றேங்க." இதில் புலம்பல் இல்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போகிறதே என்பது அடுத்த புலம்பல். ஃபைபர் கொடுப்பவரின் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். நீண்ட நேரக் கட் என்றால் டவரின் பேட்டரியும் தீரும். ஃபைபர் ஒரு கம்பெனி, சிம் வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்வது நல்லது. மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் சர்வரில் பெரிய மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் வேலை) ஆரம்பிப்பவர், இணைப்பு போனாலும் வேலையை ஓட விடும் டீமக்ஸ் மாதிரி ஒன்றுக்குள் அதை ஓட விட வேண்டும். தூரத்து சர்வரோடு இணைக்கும் வெறும் எஸ்எஸ்ஹெச்சில் இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருந்த கட்டளையும் பெரும்பாலும் பாதியில் சாகும். பாதி மாறிய டேட்டாபேஸ் டேபிளைப் பார்த்து அன்று இரவு யாரும் ஜோக் அடிக்க மாட்டார்கள்.

கடைசியாக, நவம்பர் புலம்பல். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுகிறார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளுகிறார்கள். நமக்கு அந்த வேலை கிடையாது. நியூயார்க்கில் காலை 9 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு மாலை 6:30, நவம்பரிலிருந்து 7:30. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை வலுக்கும் மாதமும் அதுவேதான். கஃபேயில் உட்கார்ந்து வேலை செய்பவர் கூட்டம் முடிந்து கிளம்பும்போது இருட்டு, மூடுபனி, ரோட்டில் காட்டுமாடு. "மறுபடியும் மாத்திட்டாங்கப்பா" என்று வருடா வருடம் நவம்பர் இரண்டாம் வாரம் குழுவில் புலம்புகிறார்கள். அக்டோபரிலேயே கேட்டால் கூட்டத்தை அரை மணி நேரமாவது முன்னே நகர்த்தச் சம்மதிக்கிற கிளையன்ட்கள் இருக்கிறார்கள்.