19241924 ஐ உடைத்துப் பார்ப்பது எப்படி

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரம் நாலரைக்குக் கணித வகுப்பு. பாதிப் பிள்ளைகள் பாலத்தால் சைக்கிளில் வருவார்கள். பழைய லேடி மெனிங் பாலம் 1924 இல் வந்தது. பக்கத்துப் புதுப் பாலம் 2013 இல். பெரிய எண்களின் காரணி படிப்பிக்கும் நாளில் அந்தப் பழைய ஆண்டை இரண்டு தரம் சேர்த்து எழுதுவேன்: 19241924. கணிப்பான் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

முதலில் எண்ணின் வாலைப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 24, நாலால் வகுபடும். கடைசி மூன்று 924, எட்டால் வகுபடாது. ஆகவே 2 இரண்டு தரம் மட்டும். இலக்கங்களைக் கூட்டினால் 32, அதனால் 3 இல்லை. 5 உம் இல்லை. நாலால் வகுக்க 4810481 கிடைக்கும்.

போன வருஷம் ஒரு பிள்ளை இதிலிருந்து தொடங்கி 7, 11 சரிவராமல் 13 இல் பிடித்தாள்: 370037. பிறகு 37 இல்: 10001. அதற்கு மேல் நகரவில்லை. "ரீச்சர், இது முதன்மை எண்தானே?" என்று கொப்பியை நீட்டினாள். அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் தோன்றினால் காணாது, காட்ட வேண்டும்.

10001 இன் வர்க்கமூலம் நூறைச் சற்றே தாண்டும். நூறுக்குள் 25 முதன்மை எண்கள் உண்டு. அத்தனையாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 10001 என்பது 10 இன் நாலாம் வலுவோடு 1. அதை வகுக்கும் முதன்மை எண் எதுவானாலும், அதனால் 10 இன் வலுக்களை வகுத்துக்கொண்டு போனால் நாலாம் வலுவில் மீதி −1 போல் நிற்கும், அதன் வர்க்கம் 1, ஆகவே எட்டாம் வலுவில்தான் முதன்முறை மீதி 1 வரும். அந்த முதன்மை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதை 10 இன் வலுவாக எடுத்தாலும் மீதி 1 வரும் என்பது பெர்மாவின் சிறிய தேற்றம், ஆகவே அப்படிக் கழித்து வருவது எட்டால் வகுபட்டே ஆகவேண்டும். நூறுக்குள் அப்படிப்பட்டவை 17, 41, 73, 89, 97 ஆகிய ஐந்துதான். 17 இல் மீதி 5, 41 இல் மீதி 38. அடுத்தது 73: 73 × 137 = 10001.

அந்தப் பிள்ளை "ஆ!" என்று துள்ளியது இன்னும் என் காதில் இருக்கிறது.

எண்ணின் உருவத்தை முதலே கவனித்திருந்தால் இன்னும் சுருக்கம். நாலு இலக்கம் அப்படியே திரும்ப வந்தால் அது 10001 இன் மடங்கு: 19241924 = 1924 × 10001. உங்கள் பிறந்த ஆண்டை இரண்டு தரம் எழுதுங்கள், அதுவும் 73 ஆலும் 137 ஆலும் வகுபடும்.

ஆக, 19241924 = 2² × 13 × 37 × 73 × 137. ஒவ்வொரு வலுவோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 × 2 × 2. மொத்தம் 48 காரணிகள்.

எனக்கு மிகப் பிடித்தது இனிமேல்தான். 13, 37, 73, 137 நாலையும் நாலால் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட முதன்மை எண் ஒவ்வொன்றும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்று பெர்மா 1640 இல் எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து ஒயிலர் நிறுவினார். இப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினாலும் அந்தக் குணம் போகாது, பழைய இந்தியக் கணித அறிஞர் பிரமகுப்தரின் சர்வசமன்பாடு அதைத் தருகிறது: (a² + b²)(c² + d²) = (ac − bd)² + (ad + bc)².

1924 = 40² + 18². 10001 = 100² + 1². குறுக்கே பெருக்குங்கள்: 4000 இலிருந்து 18 ஐக் கழிக்க 3982, 40 உம் 1800 உம் சேர 1840.

3982² + 1840² = 15856324 + 3385600 = 19241924.

கூட்டல், கழித்தலை இடம் மாற்றினால் 4018² + 1760². 1924 ஐ 32² + 30² என்று எழுதித் தொடங்கினால் இன்னும் இரண்டு வரும். மொத்தம் எட்டு வழிகள் உண்டு. மிச்ச நாலுக்கும் 10001 = 76² + 65² என்பதிலிருந்து தொடங்குங்கள்.