உணவுமுறை ஆய்வில் பங்கேற்றவர்கள் உண்மையில் என்ன உண்டார்கள் என்று கண்டறிவது எப்படி?

"கொழுப்பைக் குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை" என்பது போன்ற தலைப்புச் செய்தியைக் கண்டால், முடிவுரைக்குத் தாவாமல், ஒவ்வொரு குழுவும் ஆண்டுவாரியாக என்ன உண்டது என்று காட்டும் அட்டவணையை முதலில் தேடிப் பிடியுங்கள். ஆய்வாளர்கள் பரிந்துரைத்த உணவு ஒன்றாகவும் பங்கேற்பாளரின் தட்டில் விழுந்த உணவு வேறாகவும் இருப்பது இத்துறையில் அன்றாட நிகழ்வு.

அமெரிக்காவில் 48,835 பெண்களைக் கொண்டு நடந்து, 2006-இல் முடிவுகள் வெளியான 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' உணவு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கை 20 சதவீதமாகக் குறைப்பதே இலக்கு. கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட குழுவில் முதலாண்டு முடிவில் அந்தப் பங்கு 24.3 சதவீதமாகவும் ஆறாம் ஆண்டில் 28.8 சதவீதமாகவும் இருந்தது. வழக்கம்போல் உண்ட ஒப்பீட்டுக் குழுவிலோ முறையே 35.1, 37.0. ஆகவே அந்த ஆய்வு சோதித்தது 20 சதவீத உணவை அன்று. இரு குழுக்களுக்கும் இடையே எஞ்சிய எட்டுப் புள்ளி வேறுபாட்டைத்தான். எப்போதும் இந்த இடைவெளியைக் கணக்கிடுங்கள், இலக்கை அன்று.

அடுத்து, அந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்று பாருங்கள். மேற்கண்டவைகூடப் பெண்கள் தாமே நிரப்பிய வினாத்தாள்களிலிருந்து வந்தவைதாம். குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறிய சிலரை 1992-இல் நியூயார்க்கில் சோதித்தபோது, அவர்கள் தாம் உண்டதை 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்கள் குடித்த, ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணு வகை) கலந்த நீரின் அணுக்கள் உடலிலிருந்து வெளியேறிய வேகத்தைக் கொண்டு செலவான ஆற்றல் அளக்கப்பட்டு, அவர்கள் சொன்னதோடு ஒப்பிடப்பட்டது. பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

சிறுநீர்ச் சோதனை இருந்தால் நம்பிக்கை கூடும். அதிலுள்ள நைட்ரஜன், உண்ட புரதத்தின் அளவையும், சோடியம், உண்ட உப்பின் அளவையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, மறுநாள் காலை வரை ஒவ்வொரு துளியையும் பெரிய குடுவையில் சேகரித்துக் கொடுப்பது எளிதன்று. அதனால் சில ஆய்வுகளில் 'பாபா' எனப்படும் தீங்கற்ற மாத்திரைகளை உட்கொள்ளச் செய்து, அது சிறுநீரில் போதிய அளவு திரும்பி வருகிறதா என்று பார்த்து, சேகரிப்பு முழுமையானதுதானா என்று சரிபார்க்கிறார்கள்.

இடையில் விலகியவர்களின் எண்ணிக்கையையும் விடாதீர்கள். நான்கு புகழ்பெற்ற உணவுமுறைகளை 160 பேரிடம் ஒப்பிட்ட 2005-ஆம் ஆண்டு ஆய்வில், கொழுப்பை மிகவும் குறைக்கும் ஆர்னிஷ் முறையில் ஓராண்டை நிறைவு செய்தவர்கள் பாதிப் பேரே. எந்த உணவுமுறை என்பதைவிட, எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பதோடுதான் எடைக்குறைவு ஒத்துப்போனது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களை மட்டும் பார்த்தால் பலன் தெரிகிறது' என்று கட்டுரை சொன்னால், உடனே ஏற்காதீர்கள். மாரடைப்பு கண்ட ஆண்களிடம் நடந்து, 1980-இல் வெளியான ஒரு மருந்தாய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் 15.1 சதவீதம், ஒழுங்காக விழுங்காதவர்களில் சுமார் 28 சதவீதம். மருந்தே இல்லாதபோதும் இந்த வேறுபாடு என்றால், ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் மற்றவர்களிலிருந்து வேறு வகைகளிலும் மாறுபட்டவர்கள் என்றே பொருள்; பலன் உணவுமுறையால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது.