தோட்டா மறுநிரப்பு: கூட்டுக்குள் எட்டிப் பார்க்காதவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதானால்தான் தேவை. அதனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜ் மூலையில் பிரஸ் என்னும் நெம்புகோல் அழுத்தி ஒன்றை மாட்டி, புது பிரைமரும் (அடியில் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து நிரப்புகிறவர்கள் அங்கே ஏராளம். (இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கே கற்றதை விடுமுறையில் ஊருக்கு வந்து செய்து காட்ட வேண்டாம்.)

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் புரோகிரசிவ் பிரஸ்ஸை ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். அதில் ஒரே இழுப்பில் நாலைந்து வேலைகள் சேர்ந்து நடக்கும். புதியவருக்கு எதைக் கவனிப்பது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் மெதுவானதுதான். ஆனால் மருந்து போட்ட ஐம்பது கூடுகளும் குழிகள் போட்ட கட்டையில் வரிசையாக நிற்கும். டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கலாம்.

அந்த எட்டிப் பார்த்தலில்தான் எல்லாம் இருக்கிறது. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் கூடு கரும்பொடிக் காலத்து அளவு, நீளமானது. இன்றைய வேகமான புகையற்ற மருந்து அதன் அடியில் ஒரு சிட்டிகைதான் கிடக்கும். கவனம் பிசகி இரண்டு முறை போட்டாலும் வழியாது. மேலே குண்டும் சாதுவாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போதுதான் தெரியும், துப்பாக்கியே பிளந்துபோகலாம். தொடக்கத்தில் கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பும் மருந்தாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரட்டிப்பானால் அதுவே வழிந்து காட்டிக்கொடுக்கும்.

மருந்தே போடாமல் விட்டாலும் ஆபத்துதான். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும். ‘புஸ்’ என்று சத்தம் குறைந்து கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து குழலைப் பார்க்க வேண்டும். இரண்டு பிழைக்கும் மூலம் ஒன்றே: நடுவில் போன் வந்திருக்கும், யாராவது கூப்பிட்டிருப்பார்கள். எழுந்து போய் வந்தால், போட்ட மருந்தையெல்லாம் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

மருந்தின் அளவை நண்பர் வாய்மொழியாகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். மருந்து தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில், உங்கள் குண்டின் வகைக்கும் எடைக்கும் உரிய தொடக்க அளவுதான் ஆரம்பம்; உச்ச அளவு அல்ல. இங்கே கணக்கு கிரெய்னில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், அதாவது ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். மின்விசிறிக் காற்றே தராசை ஏமாற்றிவிடும். விசிறியை அணைத்துவிட்டு, சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்த பிறகே நிறுக்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம்.

9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவில் இன்னொரு கண்ணி உண்டு. கூடு சிறியது, குண்டைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினாலும் உள்ளழுத்தம் சட்டென ஏறும். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான சாமி (SAAMI) அதற்கு வைத்த உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); .38 ஸ்பெஷலுக்கு 17,000தான். மொத்த நீளத்தை வெர்னியரால் அளந்துகொண்டே இருங்கள். கழற்றிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டால் ‘டக்’கென்று விழுந்து, கவிழ்த்ததும் தானாக வெளியே வர வேண்டும். ரிவால்வர் தோட்டாபோல கூட்டின் வாயை உள்ளே சுருட்டவும் கூடாது. 9 மி.மீ. தோட்டா அறைக்குள் நிற்பதே அந்த வாய் விளிம்பைப் பிடித்துத்தான்.

பிரைமர்களை வந்த அட்டையிலேயே வையுங்கள். பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்க, மொத்தமும் வெடிக்கும்.

கடைசியாக, யாரும் கண்டுகொள்ளாத ஒன்று: ஈயம். சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தின் தூசியில் பிரைமர் விட்டுச்சென்ற ஈயம் இருக்கும். அதைச் சமையலறையில் ஓட்டாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பிரஸ் பக்கத்தில் காபியும் முறுக்கும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிடலாம்.