டர்போ வண்டியா? சாவியைத் திருப்ப அவசரம் வேண்டாம்

தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டிக்கொண்டு வந்தாலும் சரி, மண்டபத்தில் மீன் ஏற்றிக்கொண்டு லோடோடு வந்தாலும் சரி, டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி) உள்ள வண்டியை நிறுத்திய கையோடு இன்ஜினை அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓட விடுங்கள். அடுத்த ஆயில் மாற்றும்போது ஃபுல் சிந்தெடிக்காகவே (ஆலையில் செயற்கையாகத் தயாரித்த ஆயில்) ஊற்றிவிடுங்கள்.

டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் தண்டைத் தாங்குவதும் சூட்டைப் பெரும்பாலும் வாங்கிக்கொண்டு போவதும் ஆயில்தான். இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும். தண்டு சுழலும் பேரிங்குக்குள் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் அடிப்பிடித்த குழம்பு மாதிரி கருகிக் கரியாகிவிடும். கச்சா எண்ணெயிலிருந்து வடித்த சாதா மினரல் ஆயிலில் சீக்கிரம் ஆவியாகிற, ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிற மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். சிந்தெடிக்கில் அவை குறைவு, அதனால் கரியும் குறைவு. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பாக, அரக்கு போல ஒட்டினால் ஆயில் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் மெதுவாக வந்திருந்தால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கும், ஆயில் ஒழுகுகிற, குடிக்கிற வண்டிக்கும் சிந்தெடிக் வீண் செலவு. முதலில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) டீசல் வண்டியில் கையேட்டில் உள்ள ஆயில் கிரேடை மாற்றவே கூடாது, புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்புறம், சிந்தெடிக் என்பதற்காக ஆயில் மாற்றும் கிலோமீட்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.