அப்பாவின் ராத்திரி மூச்சு: இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மாஸ்க் மெஷின் போடுவது எப்படி

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி ஐந்து வருடம் ஆகிறது. எக்கோ ஸ்கேனில் இ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 35 சதவீதம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால், மூன்று வருடமாகச் சிபாப் என்ற காற்றழுத்த மெஷினின் மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறார். போட்டுவிடுவது நான்.

மெஷின் வாங்கும் முன் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்: தூக்கத்தில் மூச்சு எதனால் நிற்கிறது? தொண்டை அடைத்து நின்றால் குறட்டை பலமாக இருக்கும். நெஞ்சும் வயிறும் இழுத்துப் பாடுபடும், காற்று மட்டும் போகாது. இன்னொரு விதத்தில் மூளையே மூச்சு விடச் சொல்லாமல் விட்டுவிடும். நெஞ்சு அசையவே அசையாது. இதய நோயாளிகளுக்கு இரண்டும் வரும், கலந்தும் வரும்.

ஒருநாள் ராத்திரி அப்பா கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகி, உச்சத்துக்குப் போய், மறுபடி சிறுத்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. கடிகாரத்தில் 22 விநாடி. திரும்பவும் மெல்லத் தொடங்கியது. இதற்குச் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். இதயம் மெதுவாகத் தள்ளுவதால், நுரையீரலில் நடப்பது மூளைக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அதனால் மூச்சு ஒருமுறை அளவுக்கு மேல் போய், அடுத்த முறை அறவே நின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், போர்வையை விலக்கி நெஞ்சும் வயிறும் தெரியும்படி மொபைலில் ஐந்து நிமிடம் படம் பிடியுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அது டாக்டருக்கு அதிகம் சொல்லும். ஆனால் முடிவு செய்ய, தூக்கத்தில் மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடி சோதனை வேண்டும், அதைத் தவிர்க்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மெஷின் விற்க வந்தவர், மூச்சுக்கேற்பத் தானே மாறும் ஏ.எஸ்.வி. மெஷின்தான் சிறந்தது என்றார். இதய டாக்டர் இ.எஃப். எவ்வளவு என்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2015இல் வெளியான செர்வ்-ஹெச்.எஃப். என்ற ஆய்வில், இ.எஃப். 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, மூளை வகை மூச்சுநிறுத்தம் முதன்மையாக உள்ளவர்களுக்கு அந்த மெஷின் கொடுத்தபோது இதயத்தால் வந்த மரணங்கள் கூடின. அப்பாவுக்குக் கலப்பு, தொண்டை அடைப்புதான் அதிகம் என்று தெரிந்தது. நீர் மாத்திரையைச் சரிசெய்ததும் மூளை வகை குறைந்தது. மீதிக்குத்தான் சிபாப்.

சிபாப் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தந்து தொண்டையைத் திறந்து வைக்கிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் சற்று ஏறுவதால், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தமும் அது தள்ள வேண்டிய சுமையும் குறைகின்றன. இதனாலேயே ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்குத் தலைசுற்றல் வரலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அழுத்த அளவில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

மாஸ்க்கை உட்கார வைத்துப் பொருத்தாதீர்கள். படுத்தால் முகத்தசை இறங்கும், காற்று கசியும். படுக்க வைத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைச் சற்று முன்னால் இழுத்து விடுங்கள். மாஸ்க்கின் மெத்தென்ற விளிம்பு காற்றில் உப்பித் தானாக உட்காரும். பிறகுதான் பட்டை. ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். கசிகிறதே என்று நான் இறுக்கிக்கொண்டே போய், அப்பாவின் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகிவிட்டது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாஸ்க் அளவே தவறு, சிறியதாக மாற்றியதும் சரியாகிவிட்டது.

முதல் வாரம் பகலில் விழித்திருக்கும்போதே இருபது நிமிடம் போட்டுப் பழக்குங்கள். மதியத் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும். வாயையும் மூடும் மாஸ்க் என்றால், வாந்தி வந்தால் தானே கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் தடவிக் கழற்ற அப்பாவைப் பத்து முறை செய்ய வைத்தேன். தானாகக் கழற்ற முடியாதவர் என்றால் அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாஸ்க்கைத் தினமும் மென்மையான சோப்பில் கழுவுங்கள். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்)தான், அதையும் காலையில் கொட்டிவிட வேண்டும்.

கால் வீக்கத்தையும் கவனியுங்கள். பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்கும். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே டாக்டரை அழையுங்கள். மாஸ்க் இருக்கிறதே என்று மாத்திரையை விடக் கூடாது. திடீரென்று மூச்சு முட்டினாலோ, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தாலோ வீட்டு மெஷினை நம்பி உட்காராமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது மெஷின், மாஸ்க், அழுத்த அளவு எழுதிய தாள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் அவற்றை ஒரே பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம்.