பேய்க்கணவாயின் பையைத் திறக்கும்போது

மலேசியாவின் பந்திங் காலைச் சந்தையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா, வாங்கிய பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) சுத்தம் செய்து தரச் சொன்னார். அதன் உடற்பையைக் கீறியதும் உள்ளே வெள்ளை நூல்கள் சுருண்டு கிடந்தன. "புழு இருக்கிறது தம்பி, வேறு கொடுங்கள்" என்றார். மீன்காரரும் மறுபேச்சில்லாமல் அதைக் கூடையில் எறிந்தார். நல்ல கறி வீணாகப் போயிற்று. அவை புழுக்களே அல்ல. ஆண் தன் விந்தை அடைத்து வைத்திருக்கும் உறைகள். வட பசிபிக்கின் இராட்சத இனத்தில் ஓர் உறையே ஒரு மீட்டர் நீளம் வரும். வேகவைத்தால் ஒன்றும் செய்யாது. பச்சையாகத் தின்றால்தான் வம்பு. ஜப்பானிலும் கொரியாவிலும் கணவாயின் விந்துறை வாயில் குத்திக்கொண்டவர்கள் உண்டு.

மலாயில் சொத்தோங் குரித்தா எனப்படும் இதை மீனைப்போல நினைப்பதால்தான் இத்தனை குழப்பமும். என் அண்ணன் மகள் படிப்புக்காகச் சிறு படகுக்காரர்களிடம் வாங்கி வந்து பின்கட்டில் அளந்தபோது, நான் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தேன். முதல் நாளே ஆண், பெண் கணக்கில் சறுக்கினோம். கண்கள் மேலே தெரிய, பை நம் பக்கமும் கைகள் எதிர்ப்பக்கமுமாக விரித்துவைத்து, நடுவிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது கையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு அந்தக் கையின் நுனி மட்டும் உறிஞ்சிகள் இல்லாமல் சின்னக் கரண்டிபோல் வழவழவென்று இருக்கும். அந்தக் கையால்தான் விந்துறையைப் பெண்ணிடம் சேர்க்கிறது. ஒன்றில் கரண்டியைக் காணவில்லை. 'பெண்' என்று எழுதினேன். வெட்டிப் பார்த்தால் விரை! நுனியை ஏதோ கடித்துக்கொண்டு போயிருக்கிறது. நுனி அறுந்திருந்தால் பையைத் திறக்காமல் எழுதாதீர்கள்.

எடையை வைத்து முதிர்ச்சி சொல்வதும் ஆகாது. ஆண் சிறிய உடலிலேயே முதிர்ந்துவிடும். எங்களிடம் இருந்த, ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு பெண்களில், ஒன்றின் சினைப்பை சுண்டுவிரல் நகம் அளவுதான். மற்றதில் வெந்த சோற்றுப் பருக்கைபோல் நிறைய முட்டை. பெண் உடலில் விந்து இருப்பதும் சாட்சியாகாது. முதிராத பெண்கூட இணைசேர்ந்து விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும்.

"சினையோடு விட்டுவிட்டால் அடுத்த வருடமும் முட்டையிடும்" என்றார் படகுக்காரர் ஒருவர். நல்ல மனசு, தப்பான கணக்கு. நம் தோட்டத்துச் செம்பனை இருபது வருடத்துக்கு மேல் குலை தள்ளும். பேய்க்கணவாயோ வாழை. பொந்தில் முட்டையை ஒட்டிவிட்டு, இரை எடுக்காமல், நீரைப் பீச்சிப் பீச்சித் துடைத்துக் காத்து, குஞ்சு பொரிக்கும் நேரத்தில் செத்துப்போகும். 1977இல் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் கண்ணருகே உள்ள சுரப்பிகளை அகற்றியபோது, தாய் முட்டையைக் கைவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது! சாவுக்குப் பட்டினி மட்டும் காரணமல்ல, சுரப்பியின் கட்டளை அது.

விடுவது வீண் என்று இதற்குப் பொருளல்ல. ஐரோப்பியக் கடல்களின் சாதாரணப் பேய்க்கணவாய் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் முட்டை வரை இடும். தாய் போனால் காக்க ஆளில்லை. அடைகாக்கும் தாய் தூண்டில் இரைக்கு வராது. ஆனால் பிடிப்பதற்காகக் கடலில் இறக்கும் பானைப் பொறியைப் பொந்தென்று நம்பி உள்ளேயே முட்டையிடும். தூக்கிய பானையின் உட்சுவரில் முட்டைகள் முல்லைச் சரம்போல் தொங்கினால், அப்படியே கடலில் இறக்கிவிடுங்கள்.

எடை பார்ப்பதானால், மீன்காரர் ஐஸ் உருகிய வாளியில் போடுவதற்கு முன்பே பாருங்கள். நன்னீரை உறிஞ்சி ஊதிவிடும். நாங்கள் ஒரு வாரத்துக் கணக்கை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினோம்.