முயலுக்குத் தின்பண்டமும் மருந்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. தவறான ஒன்று உள்ளே போய்விட்டால் அது குடல் முழுவதையும் கடந்துதான் வெளியேற வேண்டும். அந்தக் குடலில் சீக்கம் என்றொரு பை இருக்கிறது. முயலின் வயிற்றில் இதைவிடப் பெரிய உறுப்பு கிடையாது. புல்லின் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக்கும் நுண்ணுயிரிகள் குடியிருப்பது அங்கேதான். ஆசையாக நீட்டும் பிஸ்கட்டும் சரி, பதறிப்போய்க் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும் சரி, கெடுப்பது இந்த நுண்ணுயிரிகளைத்தான்.

தின்பண்டத்தில் முதல் தவறு கேரட். படங்களைப் பார்த்துப் பார்த்து, முயலின் உணவே கேரட் என்று நினைத்துவிட்டோம். அது கிழங்கு, சர்க்கரை உள்ளது. 2 கிலோ எடையுள்ள முயலுக்கு விரல் நகம் அளவில் இரண்டு மெல்லிய வில்லைகள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். கேரட்டின் மேலுள்ள தழை கிடைத்தால் கிழங்கைவிட அதுவே நல்லது. வாழைப்பழம், ஆப்பிள், பப்பாளி, கொய்யா எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: ஒரு டீஸ்பூன், வாரத்தில் இரண்டு மூன்று நாள். ஆப்பிள் விதையை எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பழமே வேண்டாம். அதன் சீக்கத்தில் நுண்ணுயிரிகள் அப்போதுதான் நிலைகொள்கின்றன.

பிஸ்கட், ரொட்டி, சோறு, பொரி, முறுக்கு, கடலை எதையும் ‘கொஞ்சம்தானே’ என்று கொடுக்காதீர்கள். மாவுச்சத்து அதிகமானால் தீய பாக்டீரியாக்கள் பெருகி, வாயு சேர்ந்து, குடலின் அசைவு குறையும். கடைகளில் விற்கும் தேன் தடவிய விதைக் குச்சிகளும் தயிர் உருண்டைகளும் முயல் படம் போட்ட உறையில் வந்தாலும் முயலுக்கானவை அல்ல. வயிறு சரியில்லை என்று தயிர் ஊட்டுவதும் இதே தவறுதான். வளர்ந்த முயலின் குடல் பாலுக்குப் பழகியதில்லை.

பிறகு எதைத்தான் கொடுப்பது? கொத்தமல்லி, புதினா, திருநீற்றுப்பச்சிலை. முயலுக்கு இவை மணக்க மணக்க விருந்துதான். நான்கைந்து காம்புகளைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஈரத்தை உதறிவிட்டுக் கொடுங்கள். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து தங்கியிருக்கும் என்பதால் அலசுவதில் சோம்பல் கூடாது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, குதிரைமசால் ஆகியவற்றில் சுண்ணாம்புச்சத்து அதிகம். உணவிலுள்ள சுண்ணாம்பை முயலின் குடல் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீரில் கழிக்கும். தினமும் கைநிறையக் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் மணல்போலப் படியும். வளர்ந்த முயலுக்கு எப்போதாவது ஓர் ஈர்க்கு போதும். அவகாடோ, சாக்லேட், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி, தக்காளிச் செடி, அரளி இவையெல்லாம் நஞ்சு. முயலை வெளியே விடும் முன் தோட்டத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

இவ்வளவும் புல்லுக்கு மேல் கொடுப்பவை என்பதை மறக்க வேண்டாம். தட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லோ உலர்புல்லோ இருக்க வேண்டும். அருகம்புல், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல் எல்லாம் நல்லவை. நெல் வைக்கோல் உலர்புல்லுக்கு ஈடாகாது, அதில் சத்து மிகக் குறைவு. முயலின் முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வளரும். தேயவேண்டுமானால் மணிக்கணக்கில் புல்லை மென்றாக வேண்டும்.

தின்பண்டம் அளவு மீறிவிட்டதா என்பதைப் புழுக்கையே சொல்லிவிடும். முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று, உருண்டையான உலர்ந்த புழுக்கை. இன்னொன்று மென்மையாக, கருமையாக, பளபளப்போடு சின்னத் திராட்சைக் குலைபோல வருவது. இந்த இரண்டாவதை முயல் தன் பின்புறத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும், அது அதன் சத்துணவு. அந்தக் குலை தின்னப்படாமல் கூண்டில் நசுங்கிக் கிடந்தாலோ, பின்புற மயிரில் அப்பியிருந்தாலோ பழத்தையும் கடையில் வாங்கும் பெல்லட் தீவனத்தையும் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுக்கத் தொடங்குவது நிறைய வீடுகளில் நடக்கிறது. உண்மையான வயிற்றுப்போக்கில் உருண்டைப் புழுக்கையே வராமல் நீர்த்துப் போகும். அப்போது அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்து விஷயத்தில் உயிரையே பறிக்கும் தவறு, வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. சீக்கத்திலுள்ள நல்ல பாக்டீரியாக்களை இவை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற தீய பாக்டீரியா இனம் பெருகி நஞ்சைச் சுரக்கும், சில நாட்களில் முயல் இறந்துபோகும். நமக்கோ நாய்க்கோ சாதாரண மருந்து என்பது இங்கே எந்த உத்தரவாதமும் இல்லை. முயலுக்கு என்ரோஃப்ளாக்சசின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. எதை, எத்தனை நாள் என்பதை முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும். நாய், பூனைக்குப் போடும் ஃபிப்ரோனில் உண்ணிச் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகவே ஆகாது.

சொறிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து பூசுகிறார்கள். முயல் நாள் முழுதும் தன்னை நக்கும், பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் இப்படியே உள்ளே போகும், அவையும் வேண்டாம். சொறிக்கு மருத்துவர் போடுவது பெரும்பாலும் ஐவர்மெக்டின் ஊசி. மாட்டுக்கான பாட்டிலில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். 2 கிலோ முயலுக்குத் தேவைப்படுவதோ 0.1 மில்லிக்கும் குறைவு. கண்ணளவில் அரை மில்லி ஏற்றினால் ஐந்து மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே இதை நீங்களே போடாதீர்கள். மருந்து சொறிப்பூச்சியின் முட்டையைக் கொல்லாது என்பதால் இரண்டு வாரத்தில் இரண்டாம் தவணை அவசியம். காதுக்குள் அடையடையாக இருக்கும் பொருக்கைப் பிய்க்காதீர்கள். அடியில் ரணமாக இருக்கும், கடுமையாக வலிக்கும். மருந்து வேலை செய்ததும் தானே உதிரும்.

அளவில் வரும் குழப்பம் பெரும்பாலும் மில்லிகிராமுக்கும் மில்லிலிட்டருக்கும் இடையில்தான். உதாரணமாக, கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதுகிறார், முயல் 1.6 கிலோ. தேவை 16 மில்லிகிராம். சிரப் பாட்டிலில் ‘5 மில்லியில் 125 மில்லிகிராம்’ என்று இருந்தால் 1 மில்லியில் 25. பதினாறை இருபத்தைந்தால் வகுத்தால் 0.64 மில்லி. ‘5 மில்லியில்’ என்பதைக் கவனிக்காவிட்டால் அளவு ஐந்தில் ஒன்றாகிவிடும். எடையைச் சமையலறைத் தராசில் அன்றைக்கே பாருங்கள். மில்லி எவ்வளவு என்பதையும் மருத்துவரிடமே எழுதி வாங்கிவிடுங்கள்.

குடிநீரில் கலந்து வைப்பது வேண்டாம். கசந்தால் தண்ணீரே குடிக்காது, குடித்தாலும் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது. ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சுதான் சரி. தரையில் உட்கார்ந்து, முயலின் முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டும்படி வைத்து, துண்டால் உடம்பைச் சுற்றுங்கள். மூக்கு மூடக் கூடாது, முயல் மூக்கால்தான் மூச்சுவிடும். பின்னங்கால்கள் நன்றாக அடங்கியிருக்க வேண்டும், வேகமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். முன்பல்லுக்குப் பின்னால் பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. உதட்டோரமாக அதில் சிரிஞ்சின் நுனியை நுழைத்து 0.2 மில்லி விடுங்கள். மென்று விழுங்கியதும் அடுத்தது. தலையை அண்ணாத்தியோ, தொண்டையை நோக்கிப் பீய்ச்சியோ கொடுத்தால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மல்லாத்தினால் அசையாமல் கிடக்குமே என்று மல்லாத்தாதீர்கள். அது பயத்தில் உறைந்திருக்கிறது.

பொடித்துக் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன மாத்திரையென்றால், வாரக் கணக்கிலுள்ள அந்த ஒரு டீஸ்பூன் வாழைப்பழத்தை இதற்கே ஒதுக்குங்கள். கால் டீஸ்பூன் மசியலில் பொடியைக் கலந்தால் பல முயல்கள் தாமாகவே நக்கிவிடும். தினமும் பழம் தின்று சலித்த முயலிடம் இது பலிக்காது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக்கக் கூடாது.

கருத்தடை அறுவைக்கு முந்தைய இரவு நாயைப்போல் பட்டினி போடவும் கூடாது. வாந்தியே வராத விலங்குக்கு அது தேவையில்லை, வயிறு காலியானால் குடல் நின்றுவிடும். மருந்து எதுவாக இருந்தாலும், முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் காலைவரை பொறுக்காதீர்கள். வயிறு பறைபோல் உப்பியிருந்தால் எதையும் ஊட்டாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.